ஷெர்லின் போட்ட ஓட்டு

தூத்தூர் கடற்கரையில் பந்தாடி வளர்ந்த ஆன்றோவை, மும்பையின் பெரிய கால்பந்து கிளப் ஒன்று அந்த ஆண்டின் மிக அதிக விலைக்கு வாங்கியிருந்தது. அங்கே யார் ஆடுவது என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்வதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரசிகர்களின் செல்போனில் ஒவ்வொரு ஆட்டக்காரனின் பெயருக்கும் எதிரே 'இருக்கட்டும்', 'வெளியே' என்று இரண்டு பொத்தான்கள் தெரியும்; 'வெளியே' அதிகமானால் அவன் வெளியேற வேண்டும். யார் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்ற பட்டியல், ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரனுக்கு வந்துவிடும்.

பழைய கிளப்பில் இருபத்திரண்டு கோல் அடித்தவன், இங்கே ஏழு ஆட்டங்களில் ஒன்றுகூட அடிக்கவில்லை. நான்கு முறை பாதியிலேயே வெளியேற்றினார்கள். அவன் மனைவி ஷெர்லின் மட்டும் ஒவ்வொரு முறையும் 'இருக்கட்டும்' என்றே போட்டாள்.

எட்டாவது ஆட்டத்தில், பந்து வராத இடமாகப் பார்த்துப் பார்த்து ஓடினான் ஆன்றோ. அரங்கமே சிரித்தது. கேலரியில் இருந்த ஷெர்லினுக்குப் பொறுக்கவில்லை. 'வெளியே' என்பதை அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தான்.

"லிஸ்ட்டுல ஒனக்க பேரப் பாத்தேன்."

"நீங்க அங்க கெடந்து படுற பாட்ட என்னால பாக்க முடியல்ல. எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்குப் போயிருவோமா?"

"நாலு வருசத்துக்கு எழுதிக் குடுத்தாச்சி."

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். ஆன்றோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த ஆட்டத்துல மொதப் பத்து நிமிசத்துலயே 'வெளியே'ன்னு போட்டுரு, என்னா?"