கைப்பிடிக் கம்பி

எழுந்ததும் அவளுடைய போனைச் சார்ஜில் போடுகிறேன். பால் காய்ச்சி, டீ போட்டு, டம்ளரின் விளிம்புக்குள் விரல் நுனியை விட்டு அளவு பார்த்து ஊற்றுகிறேன். கண் தெரியாத என் மனைவி அப்படித்தான் ஊற்றுவாள். எனக்குக் கண் தெரியும், ஆனாலும் விரல் போகிறது, சுடுகிறது. காய்ச்சலில் அவள் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. ஜன்னல் வெயில் சமையல் மேடைமேல் ஏறியிருக்கிறது. திடீரென்று போன் அதிர்ந்து, கூப்பிடும் எண்ணைத் தானே வாசிக்கிறது, அவள் காதுக்கு மட்டுமே பிடிபடும் வேகத்தில். எடுக்கிறேன். "மேடம் இருக்காங்களா சார்? மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுல டெலிபோன் ஆபரேட்டர் வேலை, ஆர்டர் போட்டாச்சு. திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லுங்க." உற்சாகமான பெண் குரல். பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். "யார் கையையும் பிடிச்சுக்கிட்டு வேலைக்கு வர மாட்டேன்னு இன்டர்வியூல அடிச்சுச் சொன்னாங்களே, வாசல்லேருந்து அவங்க சீட் வரைக்கும் கைப்பிடிக் கம்பி போட்டுட்டோம். நீங்க வீட்டுக்காரரா? இனிமே சமையல் உங்க தலையிலதான்!" அவர் சிரிக்கிறார். அவள் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். "சொல்லிடறேங்க" என்று வருகிறது. போன் அடங்குகிறது. டீயில் ஆடை படர்கிறது. விரல் இன்னும் எரிகிறது. ஆஸ்பத்திரியில் மூச்சுவிடக் குழாய் பொருத்துவதற்கு முன், என் சட்டையைத் தேடிப் பிடித்து இழுத்து அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "என் போனை ஆஃப் ஆக விட்டுடாதீங்க. ஆபீஸ்லேருந்து கூப்பிடுவாங்க."