பாதை உண்டு

கணிதத் துறை ஜன்னலோரம் வளர்ந்த மயிலுக்கு, வாரம் ஒரு கருத்தரங்கு நடத்தாவிட்டால் தின்ற தானியம் செரிக்காது. இடம், பக்கத்து வேப்பமரக் கிளை. இந்த வாரத் தலைப்பு: "தரையில் இறங்காமல் வேப்பமரத்திலிருந்து பலாமரத்துக்கு ஒரு பாதை."

அணிலுக்கு வேண்டியதே அதுதான். வேப்பமரப் பொந்தில் மழைத்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, கீழேயோ நாய். குட்டிகளை வாரிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது.

மயில் தோகையை விரித்தது. பாதை இல்லையென்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு முரண்பாட்டைக் கறந்து, "ஆகவே பாதை உண்டு!" என்று முடித்தது. புரிந்ததோ இல்லையோ, கிளியும் காக்கையும் பலமாகத் தலையை ஆட்டின. முன்வரிசையில் தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருந்த கிழட்டு வௌவால் சரியாக அப்போது விழித்து, "இதையே நூறு மரங்களுக்கும் சொல்லலாமா?" என்றது.

"அருமையான கேள்வி!" என்றது மயில்.

"நூறு கிடக்கட்டும் சார், எந்தக் கிளை வழியா போகணும்? அதைச் சொல்லுங்க" என்றது அணில்.

"உண்டு என்று நிரூபித்தேனே அம்மா. எங்கே என்பது என் ஆராய்ச்சி இல்லை."

"நீங்க அதுல போய்ப் பார்த்ததே இல்லையா?"

"எனக்கெதற்குப் பாதை? நான் பறந்துவிடுவேன்."

"அதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா!" என்ற அணில், குட்டிகளை ஒவ்வொன்றாக மயிலின் முதுகில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தது. "ம், தோகையை மடிங்க. கிளம்பலாம்."