ஏழாம் எண் மனை

லிமா நகரின் ஓரத்து மணல் சரிவில், வீட்டு மனைகளுக்குச் சீட்டு எடுத்தார்கள். காசிமிராவுக்கு ஏழாம் மனை விழுந்தது. அவளுக்கு ஆகாத உபால்தினாவுக்கு நாலாம் மனை.

“தலைவரே, நாலு எனக்குத்தான்னு வாக்குக் கொடுத்தீங்களே! இப்ப இவளுக்கா?” என்று கத்தினாள் காசிமிரா.

“சீட்டுதான்னு சங்கம் முடிவு பண்ணிடுச்சும்மா. எல்லா மனையும் ஒண்ணுதானே? ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து செஞ்ச வேலையில எல்லாத்துக்கும் மணலுக்குள்ள மூணு அடுக்கு வலை விரிச்சாச்சு. வலை இல்லேன்னாத்தான் வீடு அஸ்திவாரத்தோட சரியும். ஏழுல விரிச்சதே நீதானே!”

“எனக்கு ஏழு வேண்டாம்!”

“ஏன்டி, என் நாலுல மட்டும் தங்கமா புதைச்சிருக்கு?” என்று சிரித்தாள் உபால்தினா.

காசிமிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழாம் மனைக்கான வலையை யாருக்கும் தெரியாமல் தூக்கிப்போய், நாலாம் மனையில் ஆறு அடுக்காக விரித்து மணலை மூடியவள் அவள்தான்.