மூன்று சுற்றுப் பொய்

2019 நவம்பர் 17, ஞாயிறு காலை. பெங்களூரு பசவனகுடியில் வாகீஷ் தன் கம்ப்யூட்டர் கேமராமேல் டேப் ஒட்டினான். பிறகு மனைவியை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னான்.

"என்மேல சந்தேகமா?" சுமேதா நகரவில்லை.

"'தார்வாடு பேடா'ன்னு ஸ்வீட் பேரை வச்சுக்கிட்டு ஒருத்தன், ஆன்லைன் போக்கர்ல என் சீட்டைப் பாத்த மாதிரியே ஆடுறான். உங்கண்ணனும் தார்வாடுலதான் இருக்கான். என் முதுகுக்குப் பின்னால போனை நோண்டிக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்கே?"

"எங்கண்ணனுக்கு ரம்மியே ஒழுங்கா வராது. வேற எப்பதாங்க உங்க பக்கத்துல உக்கார்றது?"

"தாழ் போட்டுக்கிட்டு ஆடினா எல்லாம் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சப்புறம் கூப்பிட்டா வரமாட்டேன். இப்ப நம்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருக்கேன்."

வாகீஷ் கதவைத் தாழிட்டான்.

போக்கரில் நல்ல சீட்டுக்கு மட்டும் பந்தயம் கட்டினால் எதிராளி ஒதுங்கிவிடுவான். வெறும் சீட்டுக்கும் கட்ட வேண்டும். ஆனால் அளவோடு, சுற்றுக்குச் சுற்று குறைத்து.

அந்த அளவை மனசிடம் விட்டால் பழக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வெறும் சீட்டு வந்தால் திரையோரக் கடிகாரத்தைப் பார்ப்பான். முதல் சுற்றில், விநாடி நிமிடத்தின் முன்பாதியில் இருந்தால் பொய்ப் பந்தயம்; தாண்டியிருந்தால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவான். அடுத்தடுத்த சுற்றுகளில் பொய்க்கான நேரம் இன்னும் சுருங்கும். தனக்கே முன்கூட்டித் தெரியாததை எதிராளி எப்படி அறிவான்?

பேடா மேஜைக்கு வந்தான். வாகீஷுக்கு வந்தது வெறும் சீட்டு. நடுவில் இருவருக்கும் பொதுவாக மூன்று சீட்டுகள் விரிந்தன. கடிகாரம் சரி என்றது, கட்டினான். பேடாவும் கட்டினான். ஹாலில் பெட்டியின் சக்கரங்கள் உருண்டன.

நான்காவது சீட்டு. மறுபடியும் விநாடி அவன் பக்கம். கட்டினான். பேடா விடவில்லை. வெளியே லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. எழுந்து போகலாமா என்று ஒரு கணம் நினைத்தான். போகவில்லை.

கடைசிச் சீட்டு. இதிலும் பொய்க்கே விழுந்தது. இருந்ததையெல்லாம் வைத்தான். இரண்டு நான்குகள் என்ற சின்ன ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு, யோசிக்காமல் ஈடு கட்டினான் பேடா. எல்லாம் போயிற்று.

வாகீஷ் திரும்பிப் பார்த்தான். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. டேப்பும் ஒட்டியபடியே இருந்தது.

அரட்டைப் பெட்டியில் அடித்தான்: "யாரு சொன்னது? உண்மையச் சொல்லு, குரு."

பதில் உடனே வந்தது.

"யாரும் சொல்லல, குரு. உன் பொய் எல்லாம் நிமிஷத்தோட முன்பாதியிலயே வருது. என்கிட்டயும் கடிகாரம் இருக்கு."