ஆறாத சுடுதண்ணீர்

"இருக்கிற ஹீட்டருக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார் அவர்.

"டேங்க் சின்னது. ஒருத்தர் குளிச்சாலே தண்ணி ஆறிடுது" என்றாள் மனைவி. "டேங்க் இல்லாத ஹீட்டர் வந்திருக்காம். குழாயை மூடற வரைக்கும் சுடுதண்ணி வந்துக்கிட்டே இருக்குமாம். அதை வாங்கிடலாம்."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கூடத்தில் பல்பு போனால்கூட, 'சமையலறை வெளிச்சம்தான் இங்க வரைக்கும் வருதே' என்று ஒரு வாரம் ஓட்டுகிறவள் இவள்.

மருந்துக்கடை வேலை முடிந்து வரும் வழியில் விலை விசாரித்தார். கையைக் கடித்தது, ஆனாலும் தாங்கலாம் போலிருந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரைதான் அந்த நினைப்பு.

எலெக்ட்ரீஷியன் குளியலறையையும் மெயின் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வயர் தாங்காது சார். மீட்டர்லேர்ந்து தனியா தடிமனான வயர் இழுக்கணும். தனி பிரேக்கர் போடணும். குழாயையும் கொஞ்சம் மாத்தணும், அதுக்குச் சுவரை உடைக்கணும். அப்புறம் பூசி, டைல்ஸ் ஒட்டணும்."

"எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?"

"ஹீட்டர் விலையைப் போல ரெண்டு மடங்கு வெச்சுக்கங்க. சுவரை உடைச்சாத்தான் மீதி தெரியும்."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"கேட்டியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார். "வேண்டாம்னு சொல்லிடவா?"

"தையல் மிஷினுக்குச் சேர்த்து வெச்சிருக்கேனே, அதை எடுத்துக்கங்க."

அவர் அசந்துபோனார். மோட்டார் வைத்த தையல் மிஷின் அவளுடைய பல வருஷத்து ஆசை. 'நாளைக்குச் சொல்றேன்' என்று எலெக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு எங்கேயோ உதைத்தது.

அப்போதுதான் உறைத்தது. தங்கச்சி.

கணவனோடு இனி ஒத்துவராது என்று பெட்டியோடு இங்கே வந்துவிட்டவள். வந்த அன்றிலிருந்து வீட்டில் அவள் சிரிப்புச் சத்தம்தான். சமையலில் ஒத்தாசை, அண்ணன் மகளுக்குப் பாடம், எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. குளியல் ஒன்றைத் தவிர. உள்ளே போனால் லேசில் வரமாட்டாள். குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். மகள் கதவைத் தட்டி, "அத்தை, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று கத்துவாள். அவள் வெளியே வந்தபின் மற்றவர்களுக்கு இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர்தான்.

அதுதான் விஷயம். நாத்தனாரிடம் நேராகச் சொல்ல வாய் வராமல் மனைவி ஹீட்டரை வைத்துக் குத்திக் காட்டுகிறாள். 'என் ஆசையை விட்டுக் கொடுத்து உங்க தங்கச்சிக்கு வெந்நீர் போடறேன்' என்று நாளைக்குச் சொல்லிக்காட்ட வசதியாக இருக்கும்.

அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவள் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால் சண்டை போடாமல், தானே முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

தங்கை தனியாக இருக்கும் சமயம் பார்த்து மெல்ல ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. குளியலைக் கொஞ்சம் சுருக்கிக்கோயேன். மத்தவங்களுக்கும் சுடுதண்ணி வேணும்ல?"

அவள் ஒரு நொடி அண்ணனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அய்யோ, ஆமாண்ணா. எனக்குத் தோணவே இல்ல பாரு. நாளைலேர்ந்து காக்காக் குளியல்தான்."

சொன்னபடியே செய்தாள். மறுநாள் காலை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிட்டாள். மகள் சுடுதண்ணீரில் குளித்தாள். அவரும் குளித்தார். நிம்மதியாக இருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறைக்குப் போனார்.

"எலெக்ட்ரீஷியனை வரவேண்டாம்னு சொல்லிட்டேன். இனிமே ஹீட்டர் எதுக்கு? டேங்க் தண்ணியே எல்லாருக்கும் போதும். தங்கச்சிகிட்ட நானே பேசிட்டேன்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"என்ன பேசினீங்க?"

"சீக்கிரம் குளிச்சிட்டு வரச் சொன்னேன். உன் பேரையே எடுக்கல. பயப்படாத."

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அது கறுத்துப்போனது.

"ஏங்க இப்படிப் பண்ணினீங்க?"

அவர் குழம்பிப்போனார். "உனக்காகத்தானே சொன்னேன்? அவ அவ்வளவு நேரம் குளிக்கறது பிடிக்காமத்தானே ஹீட்டர், வயர்னு இத்தனையும்?"

மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கூடத்தை எட்டிப் பார்த்தாள். தங்கை அவர் மகளுக்குத் தலை பின்னியபடி ஏதோ சொல்ல, மகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பின்பக்கம் துணி காயப்போடும்போது தினமும் கேக்கறேங்க. குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள அழறா. தண்ணி ஆறிப்போனதும் குளிர் தாங்காம, பாதியிலயே முகத்தைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்ச முகமா வெளிய வந்துடறா."

அவரும் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டே ரூம் வீட்ல, அவளுக்குன்னு தாழ்ப்பாள் போட்டுக்க வேற கதவு ஏதுங்க? ஒரு நாளாவது முழுசா அழுது முடிக்கட்டும்னுதான் அந்த ஹீட்டரைக் கேட்டேன்."