மூன்று அதிர்வு

மேசைமேல் இருந்த பழைய போன் அதிர்ந்தது.

ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவையும்.

அவர் கையை நீட்டித் தடவுவதற்குள் மகன் அதை எடுத்துவிட்டான்.

"கம்பெனிக்காரன் மெசேஜாத்தான் இருக்கும்ப்பா. இன்னையோட இந்த மாடல் எல்லாம் நின்னுரும்னு ஒரு மாசமாக் கத்திக்கிட்டுக் கெடக்கான்."

பின்மூடி கழலும் சத்தம் கேட்டது. சிம்மை உருவிப் புதுப் போனில் போட்டுவிட்டான்.

நில்லுடா என்று சொல்ல வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

புதுப் போனை அவர் கையில் வைத்தான். வழவழவென்று ஒரு கண்ணாடித் துண்டு. எங்கே தடவினாலும் ஒரே மாதிரி இருந்தது. தலை எது, கால் எது என்றே தெரியவில்லை.

"இனிமே எழுதவே வேண்டாம். பக்கத்துல இந்தப் பட்டனை அமுக்கிட்டுப் பேரைச் சொன்னாப் போதும், அதுவே கூப்பிட்டுக் குடுத்துரும். பழைய நம்பர் அம்புட்டையும் ஏத்தியாச்சு."

நல்ல பிள்ளை. அப்பாவுக்குக் கண் போனதிலிருந்து மாதம் ஒரு தடவை மதுரையிலிருந்து கோவில்பட்டிக்கு வந்து போகிறான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான்.

பழைய போன் அவர் மடியில் கிடந்தது.

பொத்தான் போன். முப்பது வருடம் தாலுகா ஆபீசில் டைப் அடித்த விரல்களுக்கு அந்தக் குட்டிப் பொத்தான்கள் போதும். சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்று முடித்த பிறகும் ஓர் எழுத்து தப்பியதில்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். டைப் அடித்த கை சும்மா இருக்காது என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அடிக்கும்போது சத்தமே வராது. அவருக்கு அதுதான் முக்கியம்.

இரண்டே அறை உள்ள வீடு. அடுக்களையில் கரண்டி விழுந்தால் வாசலில் கேட்கும். அந்த வீட்டில் ஆறு வருடமாக ஒரு பேரை யாரும் சொன்னதில்லை.

மகள் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, இனி அவள் பேர் இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று சொன்னவள் மனைவி. தலையாட்டியவர் அவர்.

அப்படி ஆட்டியதற்கு அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

மனைவிக்குத் தெரியாமல் அந்தப் போனில் மகளுக்குக் கேள்வி கேட்டு எழுதுவார். மகள் வெறும் புள்ளி வைத்து அனுப்புவாள். படிக்க முடியாத அப்பாவுக்கு அதிர்வு போதுமே. ஒன்று என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. சட்டைப் பைக்குள் அதிர்வது தன் நெஞ்சுக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவர் நினைப்பு.

சாப்பிட்டியா? ஒன்று.

அப்பா மேல கோவமா? இரண்டு.

சித்திரையில் ஒருநாள் சும்மா கேட்டுவைத்தார். விசேஷமா?

வெகுநேரம் கழித்து, ஒன்று.

அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. தானாக என்ன சிரிப்பு என்று மனைவி அதட்டினாள். அவளிடம் சொல்ல முடியாமல் இன்னொரு டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

இப்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எட்டாவது மாதம்.

ஏதாவது ஆபத்து என்றால் மட்டும் மூன்று. பார்வை மங்கிக்கொண்டு வந்த நாட்களில் மகள் எழுதியது. அவர் கடைசியாகக் கண்ணால் படித்ததும் அதைத்தான்.

இதுவரை மூன்று வந்ததே இல்லை.

அடுக்களையில் தோசைக்கல் சுரீரென்றது.

புதுப் போனை வாயருகே கொண்டுபோனார். பட்டனை அமுக்கினார். மூச்சுக்காற்றிலேயே பேரைச் சொன்னார்.

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

ஒரு பெண் குரல். தெரு முழுக்கக் கேட்கும்போல இருந்தது.

பதறிப்போய்த் துண்டால் பொத்தினார். துண்டுக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் குரல் கூட்டிச் சொன்னார்.

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி எங்கே எப்படிக் கிடக்கிறாளோ. இங்கே பெற்றவன் அவள் பேரைச் சொல்லப் பயந்து துண்டுக்குள் முனகிக்கொண்டிருக்கிறான். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

துண்டை எடுத்தார்.

"செண்பகம்."

"செண்பகத்தை அழைக்கவா?"

அடுக்களையில் தோசைக் கரண்டியின் சத்தம் நின்றது.

காலடி நடந்து வந்தது. அவருக்கு நேர் எதிரே நின்றது. கண் இருந்தால் முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம்.

"செண்பகத்தை அழைக்கவா?" போன் மறுபடியும் கேட்டது.

"இத்தன நாள்ல மூணு அடிச்சதே இல்லையே" என்றாள் மனைவி. "ஆமான்னு சொல்லுங்க."

சொன்னார்.

ரிங் போய்க்கொண்டே இருந்தது.

தோசை கருகும் வாசம் வந்தது. அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டவள் எழுந்து போகவில்லை.