கோட்டுக்கு வெளியே நின்ற முனை

அவர் சிவப்புப் பேனாவை வரைபடத்தில் பலெர்மோவின் மேல் வைத்தார்.

அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். லண்டனுக்கு வருமுன் வாழ்ந்த ஊர். சந்தையில் வாள்மீனின் தலையை வானம் பார்க்க நிறுத்தி விற்பார்கள். தெருவுக்கு மேலே பல்கனிக்குப் பல்கனி துணி காயும். அவர் துடைக்கப் போன வீடுகளின் கிழவிகள் அவரை மகனே என்று கூப்பிட்டுத்தான் வேலை சொன்னார்கள்.

இன்றும் கனவில் வருவது அந்தத் தெருக்கள்தான்.

பேனா சிசிலித் தீவின் மேற்குக் கரையில் இறங்கியது. உப்பளங்கள் உள்ள த்ராபானி. பிறகு தெற்கே, பழங்கோயில் தூண்கள் நிற்கும் அக்ரிஜெந்தோ. அதுவரை கரையோடு வந்த கோடு அங்கே உள்ளே திரும்பியது. மலைகளுக்கிடையே ஏறி இறங்கி, கிழக்கில் கத்தானியாவில் மறுபடி கடலைத் தொட்டது.

தீவின் தென்கிழக்கு முனை கோட்டுக்கு வெளியே நின்றது.

மேசைக்கு அந்தப்புறம் தவமலர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் மனைவி. நெற்றியில் குங்குமம். கழுத்தில் தாலிக்கொடி.

தம்பி குகதாசன் அந்த முனைக்கு நேரே கடலில் போனவன். அண்ணனிடம் வந்துகொண்டிருந்த படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. மகள் தர்சிகா அப்போது யாழ்ப்பாணத்தில், தவமலரின் வயிற்றில் இருந்தாள்.

காணாமல் போனவன் என்றுதான் வீட்டில் பேச்சு.

தாயையும் பிள்ளையையும் அவர்தான் பிறகு பலெர்மோவுக்கு எடுப்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள தமிழர்கள் செருப்பில்லாமல் மலையேறுவார்கள், புனித ரோசாலியாவின் குகைக்கு. கிறிஸ்தவர் மட்டுமல்ல, சைவக்காரரும்தான். தவமலர் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. குகைச் சுவரில் கசியும் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு இறங்குவாள். என்ன கேட்டாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

பிள்ளையை வடக்குக் கரையில் அவர் குளிக்க வைத்திருக்கிறார். தோளில் தூக்கி அலைக்குக் காட்டியிருக்கிறார். அங்கே அது வேறு கடல்.

அந்த முனைக்கு மட்டும் யாரும் போனதில்லை.

ஆவணியில் தர்சிகாவுக்குக் கல்யாணம். தான் வளர்ந்த ஊரை மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவருக்கும் ஆசைதான். எல்லாரும் போவோம், கல்யாணம் முடிந்து புரட்டாசியில் என்று சொல்லியிருந்தார்.

சற்று முன் தர்சிகா எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா, உங்கட தீவில ஒரு மூலையை எலி கடிச்சுப்போட்டுது."

அந்தப் பக்கம் றோட்டுச் சரியில்லை என்றார். அவள் சிரித்துக்கொண்டே டெலிபோனோடு அறைக்குள் போய்விட்டாள். தகப்பன் கடலில் என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை. எந்தக் கடல் என்று அவளுக்குத் தெரியாது.

தவமலருக்குத் தெரியும்.

பயற்றங்காய் முறியும் சத்தம் நின்றது.

கரையோடு போனால் என்ன என்று கேட்டாள்.

தூரம் என்றார். வெயில் என்றார். அதற்குமேல் அவருக்குக் காரணம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே போவோம், ஆனியில், என்றாள். பலெர்மோவில் இருக்கும் ஐயரோடு பேசிவிட்டாளாம். அந்தியேட்டியை அந்தக் கடற்கரையிலேயே செய்யலாமாம். துடக்குத் தீட்டுக் கழியவும் கல்யாணத்துக்கு முன் நாள் இருக்கிறதாம்.

விலை விசாரித்துவிட்டு வந்தவள் போலச் சொன்னாள்.

அவர் பேனாவை மூடினார்.

அந்தியேட்டி செத்தவனுக்குச் செய்வது. அது நடந்துவிட்டால் அவள் கைம்பெண். மாப்பிள்ளை வீட்டார் முறை பார்க்கிறவர்கள். மகளுக்கு ஆலாத்தி எடுக்க அவளைக் கூப்பிட மாட்டார்கள். மண்டபத்தில் பின்வரிசையில் ஒரு இடம் காட்டுவார்கள்.

இத்தனை வருடம் அவர் வாய் திறக்காதது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

"கொஞ்சம் பொறு, தவம். மணவறையில பிள்ளைக்குப் பக்கத்தில நில். பிறகு நானே உன்னை அங்க கூட்டிக்கொண்டு போறன்."

அவள் விரல்களில் ஒட்டியிருந்த நாரைத் துடைத்தாள். நேரமெடுத்துத் துடைத்தாள்.

"நான் எங்க நிண்டா என்ன, அத்தான். அவள் இன்னொரு வீட்டுக்குப் போறாள். தகப்பன் எங்கையெண்டு கேட்டா, காட்டுறதுக்கு அவளிட்டை ஒரு இடம் இருக்கவேணும்."

அவர் சன்னலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். தம்பிக்கு அண்ணன் கிரியை செய்கிற முறை இல்லை. ஆண் பிள்ளையும் இல்லை. யார் செய்வது என்று கேட்டார்.

தவமலர் அறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"தர்சிகா. இஞ்ச ஒருக்கா வா, அம்மா."

வாறன் என்று குரல் வந்தது. மாப்பிள்ளையோடு இன்னும் பேச்சு முடியவில்லை. கூறைச் சேலையின் நிறத்தைப் பற்றி ஏதோ சண்டை. கதவு திறந்தது.

அவர் எழுந்து, தன் கதிரையை அவளுக்காக இழுத்துவிட்டார்.

பெரியப்பா எழுந்து நிற்பதைப் பார்த்தும் அவள் சிரிப்பை நிறுத்தவில்லை.